153 மீனும் ஒரு கொட்டான் முட்டையும்: கடற்கரை வீடுகளில் பிள்ளைகளுக்கான ஈஸ்டர் விளையாட்டுகள்

ஈஸ்டர் விளையாட்டு என்று தேடினால் வருவதெல்லாம் பச்சைப் புல்வெளி, பஞ்சு முயல், தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் முட்டை. ராமநாதபுரம் கரையில் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மூக்கையூரிலும் புல்வெளிக்கு எங்கே போவது? சாக்லேட் 34 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும். ஏப்ரல் வெயிலில் முற்றத்தில் ஒளித்து வைத்தால் பிள்ளைகள் வருவதற்குள் எறும்பு வந்துவிடும்.

அதைவிட நமக்கு நெருக்கமான ஈஸ்டர் கதை யோவான் நற்செய்தியின் 21-ம் அதிகாரத்தில் இருக்கிறது. இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் படாமல் சீடர்கள் திரும்புகிறார்கள். விடியும்போது கரையில் நின்ற உயிர்த்த இயேசு, வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள். கரை ஏறினால் கரி நெருப்பில் மீனும், பக்கத்தில் அப்பமும். கடலுக்குப் போய் வெறுங்கையோடு வருவது என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் மீன் விளையாட்டுக்கே பெரிய இடம். முட்டையும் உண்டு, முயல் இல்லை.

நாளும் நேரமும்

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர் என்பது திருச்சபையின் கணக்கு. எனவே அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கும் விழலாம். 2026-ல் ஏப்ரல் 5, 2027-ல் மார்ச் 28, 2028-ல் ஏப்ரல் 16. நம் கரையில் இது வெறும் காலண்டர் விஷயமில்லை. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். ஈஸ்டர் தள்ளி வரும் வருடங்களில் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், அப்பாக்களும் மாமாக்களும் வீட்டில் இருப்பார்கள். வலைத் துண்டு வெட்டித் தர, ஓலை முடைந்து தர அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி வரும் வருடங்களில் அந்த வேலைகளைப் புனித வாரத்துக்கு முன்பே முடித்து வைப்பது நல்லது.

சனிக்கிழமை இரவு பாஸ்கா விழிப்பு பூசை முடிந்து வீட்டுக்கு வர நள்ளிரவு தாண்டிவிடும். விடியற்காலையில் எழுப்பி விளையாடச் சொன்னால் பிள்ளைகள் சிணுங்கத்தான் செய்வார்கள். தூங்கவிடுங்கள். பத்து மணி முதல் நாலு மணி வரை வீட்டுக்குள், நாலரைக்கு மேல் வெளியே என்று பிரித்துக்கொண்டால் வெயிலும் படாது, பெரியவர்களும் கொஞ்சம் கண் அயரலாம்.

பெரிய வெள்ளியன்று எந்த விளையாட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. அன்றைக்கு அமைதியாக இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை சத்தத்துக்கு ருசி.

குருத்தோலை ஞாயிறு (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு): விதை போடுவது

முளைப்பாரி தெரியாத ஊர் ராமநாதபுரம் சீமையில் உண்டா? அதே வித்தையை இங்கே கொஞ்சம் மாற்றிச் செய்யப் போகிறோம்.

அகலமான மண்சட்டி அல்லது பழைய தாம்பாளம் எடுத்து, அடியில் ஈர மணலும் மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தோட்டத்து மண்ணும் பரப்பச் சொல்லுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் இருக்கும் உப்பு முளையைக் கொன்றுவிடும். முந்தின இரவு ஊறவைத்த பச்சைப்பயறு, ஊறாத வெந்தயம், கேழ்வரகு மூன்றையும் தூவி, மெல்லிசாக மண் மூடி, கையால் தண்ணீர் தெளிக்கட்டும். ஒரு ஓரத்தில் பாதிச் சிரட்டையைச் சாய்த்து, வாய்ப்பக்கம் திறந்திருக்கும்படி மண்ணில் பதித்தால் அதுதான் கல்லறை. வாசலை அடைக்க ஒரு உருண்டைக் கல்.

முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பதால் பயிர் வெளிர் மஞ்சளாக வரும். இதற்குப் பச்சை நிறம்தான் வேண்டும். எனவே முளை தலை காட்டிய மூன்றாம் நாளிலிருந்து, நேர் வெயில் படாத வெளிச்சமான திண்ணையில் வையுங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது பிள்ளையின் பொறுப்பு. ஒரு வாரத்தில் பயறு விரல் உயரத்தைத் தாண்டி நிற்கும். சனிக்கிழமை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு பெரியவர் ஒருவர் அந்தக் கல்லைப் புரட்டி வைத்துவிட வேண்டும். காலையில் யார் முதலில் கவனிக்கிறார்கள் என்று பார்ப்போம் என்று சொல்லக்கூடத் தேவையில்லை, அவர்களே பார்ப்பார்கள்.

ஓலை வேலைக்கு ஒரு வார்த்தை. கோயிலில் மந்திரித்த குருத்தோலையை விளையாட்டுக்கு எடுக்காதீர்கள். அது வீட்டில் சிலுவையாக இருந்து, அடுத்த வருடம் சாம்பல் புதனுக்குச் சாம்பலாகப் போக வேண்டியது. முட்டை சேகரிக்கும் கொட்டான் முடையத் தனியாகப் பனங்குருத்து வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டான் முடையத் தெரிந்த ஒரு பாட்டி தெருவுக்குத் தெரு இன்னும் இருக்கிறார். பிள்ளைகளை அவரிடம் அனுப்பி ஒரு மணி நேரம் உட்காரவைத்தாலே அது தனி விளையாட்டு.

முட்டைக்குச் சாயம்

தவக்காலத்தில் முட்டை உண்பதை அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் திருச்சபை தடுத்திருந்தது. கோழிக்கு அது தெரியாதே, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டிருந்தது. நாற்பது நாளில் சேர்ந்த முட்டைகள்தான் ஈஸ்டருக்குப் பரிசாகின. கிரேக்கத்தில் பெரிய வியாழனன்றே முட்டையைச் சிவப்பாகத் தோய்ப்பார்கள், கிறிஸ்துவின் இரத்தத்தின் நினைவாக.

கடையில் வாங்கும் வெள்ளை முட்டைதான் இதற்கு ஏற்றது. நாட்டுக்கோழி முட்டையின் பழுப்பில் சாயம் எடுபடாது. பத்து நிமிடம் வேகவைத்து, ஆறவைத்து, துடைத்து வையுங்கள். அடுப்பு வேலை பெரியவருடையது, தோய்க்கும் வேலை பிள்ளைகளுடையது.

வெங்காயத் தோல்தான் ராஜா. பெரிய வெங்காயமோ சின்ன வெங்காயமோ, உலர்ந்த தோலைத் தவக்காலம் முழுக்க ஒரு பையில் சேர்த்து வாருங்கள். நாலைந்து கை தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்து, ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். வினிகரின் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பை லேசாக அரித்துச் சாயம் பிடிக்க இடம் தரும். ஒரு மணி நேரம் ஊறினால் செங்கல் நிறம், ஓர் இரவு ஃப்ரிட்ஜில் ஊறினால் அடர்ந்த சிவப்புப் பழுப்பு. மஞ்சள் பொடி இரண்டு மூன்று கரண்டி போட்டுக் கொதிக்கவைத்தால் பளிச்சென்ற மஞ்சள். வேலியில் சங்குப்பூ இருந்தால் இருபது பூவைச் சூடான தண்ணீரில் போட்டு நீலம் இறக்கலாம். அதில் வினிகர் சேர்ந்ததும் நீலம் ஊதாவாக மாறுவதைப் பிள்ளைகள் கண்முன்னே செய்து காட்டுங்கள். பீட்ரூட்டைப் பலரும் சொல்வார்கள். முதலில் ரோஸ் நிறமாக இருக்கும், காய்ந்ததும் மங்கிப் பழுப்படித்துவிடும். அதைப் பொரியலுக்கே வைத்துக்கொள்ளலாம்.

இனி வேடிக்கையான பகுதி. ஒரு புளிய இலை அல்லது கொத்தமல்லித் தழையை ஈரமாக்கி முட்டையில் ஒட்டி, பழைய வேட்டித் துணியின் மெல்லிய துண்டால் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டிச் சாயத்தில் போடுங்கள். ஊறியதும் அவிழ்த்தால் இலை இருந்த இடம் வெள்ளையாக, நரம்பு வரை தெரியும். ரப்பர் பேண்டுகளைக் குறுக்கும் நெடுக்கும் மாட்டித் தோய்த்தால் கோடுகள் விழும். காய்ந்த பிறகு நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் மினுமினுக்கும்.

மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் சிவப்பாவது வீட்டில் எல்லோரும் பார்த்ததுதான். அதே வேலையை முட்டை ஓட்டிலும் செய்யலாம். மஞ்சளில் தோய்த்த ஓட்டில், சோப்புத் தண்ணீர் தொட்ட காதுகுடையும் பஞ்சால் எழுதினால் சிவப்பு எழுத்து வரும். இதை வெற்று ஓட்டில் மட்டும் செய்யுங்கள், தின்னும் முட்டையில் வேண்டாம். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, சோப்பு உள்ளே இறங்கிவிடும். வெற்று ஓடு எடுக்க, பச்சை முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் துளையிட்டு, மஞ்சள் கருவைக் குத்திக் கலக்கி, ஊதி வெளியேற்றுங்கள். இதைப் பெரியவர் செய்யட்டும், பச்சை முட்டை பிள்ளைகள் வாயில் படக்கூடாது. கருவை ஆம்லெட்டுக்கு உடனே எடுத்துவிட்டு, ஓட்டை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள்.

மெக்சிகோவில் இப்படிக் காலி செய்த ஓட்டுக்குள் வண்ணக் காகிதத் துணுக்குகளை நிரப்பி ஒட்டி, ஒருவர் தலையில் ஒருவர் உடைத்து விளையாடுவார்கள். அடி வாங்கியவருக்கு அதிர்ஷ்டம் என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் அன்று வேறு எந்த விளையாட்டும் எடுபடாது. ஆகையால் கடைசியில் வையுங்கள்.

மதியம் வீட்டுக்குள்: வலப்பக்கம் போடும் வலை

முதலில் மீன்கள். பழைய காலண்டர் தாள், அட்டைப்பெட்டி, மிச்ச ஓலை எதுவானாலும் சரி. உள்ளங்கை அளவில் மீன் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மீனின் பெயரை எழுதட்டும். சீலா, பாறை, விளமீன், ஓரா, ஊளி, காரல், சூடை, கணவாய், திருக்கை என்று பெயர் வந்துகொண்டே இருக்கும். பட்டணத்திலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை ‘சிக்கன்’ என்று எழுதினால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை 153 வர வேண்டும், ஒரே நாளில் முடியாது. புனித வாரத்தின் முதல் மூன்று நாளில் பிரித்து வெட்டினால் கை வலிக்காது.

வலைக்கு, ஒரு மீட்டர் அகலத்தில் நெருங்கிய கண் உள்ள பழைய வலைத் துண்டு போதும். கண் பெரிதாக இருந்தால் விரலும் பித்தானும் மாட்டும். பழைய வீச்சு வலையாக இருந்தால் ஓரத்து ஈயக்குண்டுகளைக் கட்டாயம் அறுத்து எடுத்துவிடுங்கள். ஈயம் பிள்ளைகள் கையாளும் பொருளில்லை. அதற்குப் பதிலாக இரும்பு வாஷர்களை நாலைந்து இடத்தில் கட்டலாம். வலையே இல்லையென்றால் ஈரமாக்கிப் பிழிந்த துண்டு அழகாகப் பறந்து விழும்.

பாயை விரித்தால் அதுதான் படகு. பாய்க்கு இடப்பக்கத் தரையில் கிழிந்த செருப்பு, காலி பாட்டில், தேங்காய் மட்டை என்று குப்பைகள். வலப்பக்கம் 153 மீன்களையும் பரப்பி மேலே ஒரு சேலையைப் போர்த்தி மறைத்துவிடுங்கள். ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கினால் இரவு. பிள்ளைகள் முறைவைத்து இடப்பக்கம் வீச, செருப்பும் மட்டையும்தான் வரும். ஒவ்வொரு தடவையும் படகில் இருப்பவர்கள் சேர்ந்து அலுத்துக்கொள்ள வேண்டும். இந்த நடிப்பில் நம் கரைப் பிள்ளைகளை யாரும் மிஞ்ச முடியாது. பிறகு கரையில் நிற்பவர், அதாவது கதவருகே நிற்கும் பாட்டியோ தாத்தாவோ, ‘பிள்ளைகளா, வலப்பக்கம் போடுங்க’ என்று குரல் கொடுத்ததும் ஜன்னல் திறக்கும், சேலை விலகும். வலை எதை மூடி விழுகிறதோ அது வீசியவருக்கு. முன்னால் குனிந்து வைக்கக்கூடாது, பாயில் நின்றபடியே வீச வேண்டும். ஆளுக்கு மூன்று வீச்சு, மிஞ்சுவதை எல்லோரும் சேர்ந்து வாரிக்கொள்ளலாம்.

எல்லா மீனையும் சேர்த்து, தரையில் முதல் வரியில் 1, அடுத்ததில் 2, பிறகு 3 என்று அடுக்கச் சொல்லுங்கள். பதினேழாவது வரியில் 17 மீனோடு சரியான முக்கோணம் முடியும், ஒன்றுகூட மிஞ்சாது. 1 முதல் 17 வரை கூட்டினால் 153. புனித அகுஸ்தினார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதிய கணக்கு இது. ஒரு மீன் குறைந்தால் யாருடைய சட்டைப்பையிலோ இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது ஏலம். ஆளுக்கு 20 புளியங்கொட்டை காசு. முக்கோணத்தைக் கலைத்து, பத்துப் பன்னிரண்டு மீன் கொண்ட கூறுகளாகப் பிரியுங்கள். சத்தமான குரல் உள்ள பிள்ளைதான் ஏலக்காரர், கூறுக்கு ஒரு கொட்டையில் ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு கூறிலும் ஒரே ஒரு மீனின் முதுகில் மட்டும் ஒரு பரிசின் பெயர் எழுதியிருக்கட்டும். எந்தக் கூறில் எது என்று வாங்கிய பிறகுதான் தெரியும். சாக்லேட்டுக்குப் பதில் சில்லுக்கருப்பட்டி, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பொரி உருண்டை வையுங்கள். வெயிலுக்கு உருகாது, பக்கத்து வீட்டு முஸ்லிம், இந்துப் பிள்ளைகளும் தயங்காமல் தின்னலாம். மூன்று வயதுக்குக் கீழான குழந்தை இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம், விழுங்கிவிடும். சோடா மூடிகூட வேண்டாம், பெரிய கிளிஞ்சலே சரி.

கிளிஞ்சல் என்றதும் ஒன்று. கரையில் ஒதுங்கும் சாதாரணச் சிப்பிகள் பரவாயில்லை. பவளத் துண்டு, கடல்குதிரை, கடலட்டை போன்றவற்றைக் கைவேலைக்கு எடுக்கவே கூடாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை வருகின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாக இருக்கும் கரை இது.

கொஞ்சம் நேரம் மிஞ்சினால் முட்டை மிதக்கும் சோதனை. கடல் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, ஒரு புது முட்டையைப் போட்டால் மிதக்குமா மூழ்குமா என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் மிதக்கும் என்பார்கள். மூழ்கும். கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான், புது முட்டையைத் தூக்க அது பற்றாது. கல்லுப்பைக் கைப்பிடி கைப்பிடியாகக் கரைத்துக்கொண்டே போனால், லிட்டருக்கு 120, 150 கிராம் உப்பு ஆகும்போது முட்டை மெல்ல எழும்பும். உப்பளத்துப் பாத்தியில் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அடுத்து வரும், பதிலை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

நாலரைக்கு மேல்: முட்டை வேட்டை

அவித்த முட்டையை வெயிலில் ஒளித்து வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் வெளியில் இருந்தால் அது தின்னத் தகுதியில்லை. ஒளிப்பதற்கு வெற்று ஓடுகள், அல்லது பரிசுச்சீட்டு வைத்து மடித்த ஓலைப் பொட்டலங்கள். அவித்த முட்டை உள்ளே பாத்திரத்தில் குளிர்ச்சியாக இருக்கட்டும்.

சும்மா தேடுவதைவிட விடுகதை வைத்துத் தேடுவது நீண்ட நேரம் ஓடும். முதல் சீட்டைக் கையில் கொடுத்தால், அதன் விடை இருக்கும் இடத்தில் ஒரு முட்டையும் அடுத்த சீட்டும். சில எடுத்துக்காட்டுகள்:

‘உடம்பெல்லாம் கண், ஒரு கண்ணுக்கும் பார்வை இல்லை.’ வலை.

‘கடலில் பிறந்தேன், வெயிலில் வளர்ந்தேன், குழம்பில் குதித்தால் காணாமல் போவேன்.’ உப்பு ஜாடி.

‘விடிந்ததும் வீடெல்லாம் சுற்றுவாள், முடிந்ததும் மூலையில் நிற்பாள்.’ துடைப்பம்.

‘ஊருக்கெல்லாம் போகும் படகை ஓரிடத்தில் நிறுத்தும் கொக்கி.’ நங்கூரம், வீட்டில் இல்லையென்றால் நங்கூரம் வரைந்த படம்.

சின்னவர்களுக்கு எழுத்துக்குப் பதில் படம். எத்தனை ஒளித்தோம், எங்கே என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். கடற்கரையில் வேட்டை வைக்கலாமா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். கண்ணாடிச் சில்லு ஒரு காரணம். இன்னொன்று, இது ஆமைக் குஞ்சு பொரிக்கும் பருவம். சித்தாமை ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இடும், பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அடம்பங்கொடி படர்ந்த மேட்டு மணலைப் பிள்ளைகள் தோண்டினால் உண்மையான முட்டையே கையில் வந்துவிடலாம். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறையினர் இந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் கதையை வேட்டைக்கு நடுவே சொல்லலாம்.

வேட்டை முடிந்ததும் ஓட்டங்கள். எலுமிச்சை வைத்துக் கரண்டி ஓட்டம் பள்ளியிலேயே ஓடியிருப்பார்கள், அதனால் முட்டை உருட்டல் வையுங்கள். வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் மாளிகைப் புல்வெளியில் 1878 முதல் நடக்கும் விளையாட்டு இது. நீளக் கரண்டியால் முட்டையைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். நமக்குச் சிரட்டை அகப்பையும் திண்ணையும் போதும். முட்டை நேராக உருளாது, வட்டமடிக்கும், சிரிப்பு அதில்தான். ஏப்ரலில் நுங்கு இறங்கியிருந்தால் நுங்கு வண்டி ஓட்டமும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சுளை தின்ற இரண்டு நுங்குக் கூந்தலை, அதாவது காலிக் காய்களை, சின்னக் குச்சியில் கோத்து, கவை உள்ள நீளக் கம்பால் தள்ளுவது.

கடைசியாக முட்டை மோதல். ஆளுக்கொரு சாய முட்டையை இறுகப் பிடித்து, முனையோடு முனை தட்ட வேண்டும். கிரேக்கப் பிள்ளைகள் ‘கிறிஸ்து உயிர்த்தார்’ என்று சொல்லித் தட்ட, எதிராளி ‘மெய்யாகவே உயிர்த்தார்’ என்பார். ஓடு உடையாதவர் அடுத்தவரோடு மோதலாம். உடைந்த முட்டைக்கு உப்பும் மிளகும் தூவி அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

இருட்டும்போது கரி அடுப்பில் இரண்டு மீன் சுட்டு, பன்னோடு வைத்தால் யோவான் சொன்ன காலை உணவு நம் இரவு உணவாகிவிடும். தடைக்காலமானாலும் நாட்டுப்படகு மீன் கிடைக்கும், முள் குறைந்ததாகக் கேட்டு வாங்குங்கள். உடையாத அவித்த முட்டைகள் ஓட்டோடு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். நொறுங்கிய ஓடுகளை முருங்கை அடியில் போடலாம். வலைத் துண்டை மட்டும் எண்ணி எடுத்து உள்ளே வையுங்கள், நைலான் காற்றில் கடலுக்குப் போனால் திரும்பி வராது, ஆமைக் கழுத்தில்தான் மாட்டும்.